ரெண்டே கால் நூல்

ஏழு மில்லிமீட்டர் டிரில் பிட்டு ஏழு மில்லிமீட்டர் கிடையாது என்று என் கடைக்கு வந்து என்னிடமே சொன்ன ஒரே ஆள் ரூபஸ்தான். நான் கோவில்பட்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவள். ஆணி, கீல், தாழ்ப்பாள், குழாய், வாஷர், பிட்டு என்று என்னிடம் இல்லாத சாமான் இல்லை. பிட்டின் கழுத்தில் ஏழு என்று பொறித்திருக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் ஏழுதான். இவன் அதைக் கொண்டுபோய்ப் புளியங்கட்டையில் குடைந்து, கட்டையையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து கல்லாப்பெட்டி மேல் வைக்கிறான்.

"அக்கா, இது ஏழே கால் குடையுது."

"என்னல சொல்லுத? பிட்டுல ஏழுன்னு போட்டிருக்குல்லா?"

"போட்டிருக்கு. ஆனா முனை ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. சுத்தும்போது ஆடுது. வேற ஒண்ணு குடுங்க."

குடைந்து பார்த்த பிட்டைத் திருப்பிக் கொடுப்பதற்குப் பேர் வியாபாரமா? வேறு யாராவது என்றால் நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பேன். இவனை என்னவோ திட்ட முடியவில்லை. திட்டினாலும் அப்படியே நின்றுகொண்டிருப்பான். அடுத்த பிட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுவும் சரியில்லன்னு வந்தே, கடைய நீயே நடத்து"ன்னு சொல்லுவேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போவான். கடைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். என் அப்பா காலத்துக் கடை இது, பேச்சும் வரவும் செலவும் என்னுடையது. பேப்பர் மட்டும் அவருடையது.

ரூபஸ் பசுவந்தனை ரோட்டில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறான். தொட்டில் கட்டை, கட்டில் கால், பூரிக்கட்டை என்று கடைந்துகொண்டிருந்தவன் சில வருஷமாகப் பேனாதான் அதிகம் கடைகிறான். சாலையை அகலப்படுத்த வெட்டிப்போட்ட புளிய மரங்களின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை வாங்கிப் போட்டிருக்கிறான். கறுப்பும் செம்மண் நிறமுமாக அதில் ரேகை ஓடும். முனை, கிளிப், திருகு, பித்தளைக் குழாய் எல்லாம் பொட்டலமாகக் கூரியரில் வந்துவிடும். மரமும் வேலையும் அவனுடையது. கட்டையை விரல் நீளத்துக்கு அறுத்து, நடுவில் துளை குடைந்து, பசை பூசிய குழாயை உள்ளே செருகிக் காயவிட வேண்டும். பிறகு அதை மெஷினில் ஓடவிட்டு உளியால் சீவிக்கொண்டே வந்தால், கடைசியில் குழாய்க்கு மேல் மரம் முருங்கைக்காய்த் தோல் கனத்துக்குத்தான் நிற்கும். அதைத்தான் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து ஆட்கள் ஃபோனில் சொல்லி வாங்குகிறார்கள். ரிட்டையர் ஆகிறவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்களாம். இனிமேல் எழுதவே வேண்டாதவர்களுக்கு எதற்குப் பேனா என்று எனக்குத் தெரியவில்லை. அது அவர்கள் பாடு.

அந்த வேலையில் துளைதான் முக்கியம். துளை சிறுத்தால் குழாயைச் செருகும்போதே மரம் பிளந்துவிடும். பெருத்தால் குழாய் உள்ளே ஆடும், எழுதுகிறவன் கையில் கிடுகிடுக்கும். ரூபஸுக்கு ஒரு கணக்கு உண்டு. கட்டைவிரலால் அமுக்கினால் குழாய் உள்ளே போக வேண்டும், கவிழ்த்தால் கீழே விழக்கூடாது. முதலில் கதவு, நிலை வேலை பார்த்தவன் அவன். இந்தக் கரிசக்காட்டில் கதவு வேலை பார்த்துப் பெயர் வாங்குவது லேசு இல்லை. ஐப்பசி மழையில் கதவு ஊதிக்கொண்டு அடைக்க வராது, சித்திரையில் அதே கதவின் இடுக்கு வழியாகப் பல்லி வந்து போகும். இரண்டுக்கும் திட்டு தச்சனுக்குத்தான். அதனால் சந்து தெரியாமல் சிக்கென்று பொருத்துவதுதான் வேலை என்று அவன் மனசில் பதிந்துவிட்டது. பேனா விஷயத்திலும் அவன் அப்படித்தான் இருந்தான்.

வருஷத்துக்கு ஒரு பேனாவை மட்டும் அவன் விற்பதில்லை. அது அவன் பெண்டாட்டி ஜெபிஷாவுக்கு.

ஜெபிஷா குளத்தூர்க்காரி. குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாசம் முடியாமல் பிறக்கிற பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் வார்டு அவளுடையது. "உள்ளங்கையில அடங்கும்க்கா, ஒரு வெள்ளரிப் பிஞ்சு கனம்கூட இருக்காது"ன்னு ஒருமுறை சொன்னாள். சொல்லும்போது அவள் உள்ளங்கை தானாக விரிந்துகொண்டது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

கல்யாணமான புதிதில் ஒருமுறை ரூபஸ் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டான். ஃபோனில், "ஜெபிஷா, வந்துரு" என்று அனத்தியிருக்கிறான். அவள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். காய்ச்சல் போய்விட்டது, அவள் இங்கேயே இருந்தாள். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை, வருகிறவர்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்து, எடை பார்த்து, உட்காரச் சொல்வது. ஒரு வருஷம் அதைச் செய்தாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லையாம். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பேசாமல் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் ரூபஸே குவைத்துக்கு எழுதிப்போடச் சொல்லி, திருவனந்தபுரம் வரை கூடப் போய் விமானம் ஏற்றிவிட்டு வந்தான். அப்போதிருந்து கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு மாசம் அவள் வருவதுதான் அவர்கள் குடித்தனம்.

"நீயும் அங்கன போயிரேம்ல"ன்னு நான் கேட்டதுண்டு.

"போயி என்ன செய்ய? அங்கன கட்டடத்துல ஒம்பதாவது மாடியில இருக்கா. மெஷின எங்க போட? நான் கைய மடியில வச்சிக்கிட்டு உக்காரவா?"



பேனா பேச்சு வந்தது இப்படித்தான். வார்டில் தன் பேனாவை டாக்டர்கள் வாங்கி எழுதிவிட்டு மறந்துபோய் அவர்கள் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று அவள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எவன் பையில் கிடந்தாலும் இது ஜெபிஷாவுடையது என்று தெரிகிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்று இவன் ஆரம்பித்தான். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி, கார்த்திகையில் உட்கார்ந்து அவளுக்கென்று ஒரு பேனா கடைவான். கிறிஸ்துமஸுக்கு வருகிறவள் ஜனவரியில் அதை எடுத்துக்கொண்டு போவாள். பிறகு வருஷம் முழுக்க ஃபோனில் அவன் கேட்கிற முதல் கேள்வி, "பேனா எப்படி இருக்கு?" அவள் சொல்கிற பதில், "நல்லா இருக்கு அத்தான்."

இதைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வயிறு எரியும். பத்தடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டு எத்தனையோ காலமாகிறது.

போன மாசியில் ஒரு மத்தியானம் ரூபஸ் கடையில் நின்றுகொண்டிருந்தபோது ஜெபிஷாவிடமிருந்து வீடியோவில் அழைப்பு வந்தது. ஃபோனை என் பக்கம் திருப்பினான். வார்டு உடுப்போடு நின்றாள்.

"அக்கா, சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டாச்சு. நீ என்னட்டி இப்படி மெலிஞ்சு போயிட்ட?" என்று கேட்டுக்கொண்டே பார்த்தேன். அவள் சட்டைப் பையில் பேனா தெரிந்தது. அதன் இடுப்பில் வெள்ளையாக என்னவோ சுற்றியிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "அது என்னட்டி, பேனாவுக்குக் காயமா? கட்டு போட்டிருக்க?" என்றேன்.

அவள் சட்டென்று கையால் பையை மூடினாள். மூடாமல் இருந்திருந்தால் ரூபஸ் கவனித்திருக்க மாட்டான். ஃபோனைத் தன் பக்கம் திருப்பி, "கைய எடு" என்றான். அவள் எடுத்தாள். மரம் நெடுக விரிசல் விட்டு, ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை அதன் மேல் சுற்றி வைத்திருந்தாள்.

"இதுக்கு முந்தின வருசத்துது?" என்று கேட்டான்.

அவள் பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் அமுக்கி ஒட்டினாள்.

"அதுவுமா? அதுக்கு முந்தினதும்?"

"எல்லாம் விரிஞ்சிருச்சு அத்தான். இங்கன வந்து ஒரு மாசம்கூடத் தாங்கல. அதுக்கென்ன, எழுதத்தானே செய்யுது? எல்லாத்தையும் வச்சிருக்கேன்."

பிளாஸ்டரைப் பற்றிக் கேட்டதற்காக நான் வருத்தப்படவில்லை. யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆனால் அவன் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனபோது வண்டிச் சாவியைக் கல்லாப்பெட்டி மேலேயே விட்டுவிட்டு நடந்தே போய்விட்டான். அந்த வெயிலில் பட்டறை வரைக்கும்.

அடுத்த வாரமெல்லாம் அவனுக்கு அதே நினைப்புதான். பசை சரியில்லையோ என்றான். மரம் பச்சையோ என்றான். அறுத்துப் பல வருஷம் காய்ந்த மரம், பச்சையாக இருக்க வழியில்லை. கடைந்து விற்ற மற்ற பேனாக்கள் சென்னையில் நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருக்கின்றன. பங்குனி கடைசியில் ஒரு நாள் பேச்சுவாக்கில் எங்கள் கடையின் பின்கதவைப் பார்த்துக்கொண்டு நின்றவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இந்தக் கதவு மழைக்கு அடைக்க வராதே?"

"ஆமா, ஐப்பசியில ஒதைச்சுத்தான் அடைக்கணும்."

"இப்ப பாருங்க, விரல் போகுது."

"போனா என்ன? எல்லா வருசமும் போவத்தான் செய்யுது."

"நான் அவளுக்கு எப்பவும் ஐப்பசியிலதான்க்கா குடையுதேன்" என்றான்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மழை மாசத்தில் மரம் காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டுத் தெம்பாக இருக்கும்போது சிக்கென்று துளை போட்டு, சிக்கென்று பித்தளையைச் செருகி அனுப்புகிறான். அவள் அதைக் கொண்டுபோய் இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓடுகிற வார்டில் பையில் வைத்துக்கொள்கிறாள். ஈரமில்லாத காற்றில் மரம் சுருங்கத்தானே செய்யும்? சுருங்குகிற மரத்துக்கு உள்ளே பித்தளை, அது அசையாது. பிறகு மரம் வெடிக்காமல் என்ன செய்யும்? கிறிஸ்துமஸ் லீவும் ஐப்பசி மழையும் ஒன்றுசேர்ந்து செய்த காரியம் அது. வெளியூர்த் தச்சனுக்கு இந்தத் தப்பு வராது. நமக்குத்தான் மழையை நினைத்தே வேலை செய்து பழக்கம். வறட்சி தானாக வரும், அதற்கு யார் இடம் விடுவார்கள்?

"துளையக் கொஞ்சம் பெருசாக்கணும். ஏழுக்கு மேல ஒரு மயிரிழை" என்றான்.

எங்கள் தொழிலில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். பிட்டு கேட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் நூலில்தான் கேட்பார்கள். ரெண்டு நூல் பிட்டு ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு பொட்டு கூட. ரெண்டரை நூல் எட்டுக்கு ஒரு பொட்டு குறைச்சல். ஏழும் ஒரு மயிரிழையும் வேண்டுமென்றால் அது இரண்டுக்கும் நடுவில் ரெண்டே கால் நூல். அந்தப் பிட்டை இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை, நானும் வைத்ததில்லை. மதுரை மொத்தக் கடைக்கு ஃபோன் போட்டேன். "ரெண்டே கால் நூலா? என்னம்மா, புடவையா நெய்யப் போறீங்க?" என்று அங்கிருந்தவர் சிரித்தார். சிரித்தது போதாதென்று ரெண்டரையை அனுப்பிவைத்தார். ரூபஸ் அதையும் விடாமல் குடைந்து பார்த்தான். குழாய் உள்ளே லொடலொடவென்று ஆடியது. அதற்கு எவ்வளவு பசை ஊற்றினாலும் நிற்காது. நான் மறுபடி ஃபோன் போட்டுப் பேசிய பேச்சில் சரியான பிட்டு மறுநாள் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தது. நான் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

சோதித்துப் பார்க்க அவனுக்கு ஏசி வேண்டும். எங்கள் வீட்டு அறையில் என் வீட்டுக்காரர் புண்ணியத்தில் கோடை முழுக்க ஏசி ஓடும். ஏழில் குடைந்து குழாய் செருகிய கட்டைகளையும், ரெண்டே காலில் குடைந்து கொஞ்சம் இழுபடுகிற பசையால் ஒட்டிய கட்டைகளையும் கொண்டுவந்து பீரோ மேல் வரிசையாக வைத்தான். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "இது என்ன, படுக்கிற எடத்துல வெறகு?" என்று மட்டும் கேட்டார். சித்திரையில் ஒரு மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது பீரோ மேல் டப்பென்று ஒரு சத்தம். எழுந்து ஓடிவந்து, "ஏட்டி சத்தியபாமா, ஒன் கட்டை வெடிச்சிருச்சு!" என்று கத்தினார். பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம். நான் போய்ப் பார்த்தேன். ஏழில் குடைந்தது ஒன்று நெடுக வாய் பிளந்திருந்தது. மற்றதும் ஒவ்வொன்றாக வெடித்தது. ரெண்டே காலில் ஒன்றுகூட அசையவில்லை.

நான் ஓடிப்போய் ரூபஸிடம் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். உளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆனி மாசத்தோட அவளுக்கு அங்கன எழுதிக்குடுத்த காலம் முடியுதுக்கா" என்றான். "இந்தத் தடவ வந்துருதேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா. இப்ப அந்த வார்டுக்கே அவளத்தான் பொறுப்பாப் போடுதாவளாம். இருந்தா இன்னும் ரெண்டு வருசம். என்ன சொல்லுதீங்கன்னு கேட்டா."

"நீ என்னல சொன்ன?"

"பேனா முடிஞ்சிரும், அனுப்பி வைக்கேன்னு சொன்னேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கே கிடந்த கட்டையை எடுத்து அவன் மேலேயே எறிந்திருப்பேன். "ஏலே, அவ வான்னு சொல்லுவியான்னு கேட்டிருக்கா. வான்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாயில்லையா? இங்கன ஒத்தையில கெடந்து அந்தக் கட்டையோட பேசிக்கிட்டிருக்க. ஒனக்கு அவ வேண்டாமா?"

"வேணும்க்கா" என்றான். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். "காலையில எந்திரிச்சதும் ரெண்டு டம்ளர் எடுத்து வைக்கேன். பொறவு ஒண்ண உள்ள வைக்கேன். வேணும்தான். ஆனா நான் வான்னு சொன்னா அவ வந்துருவா. அதான் சொல்லல."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவனுக்காக மூடினேனா, டோக்கன் கிழித்த அவள் கைகளை நினைத்து மூடினேனா, தெரியவில்லை.

"நீங்களும் சொல்லிராதீங்க" என்றான். சரி என்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டமான சரி என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பேனாவை அவன் கடைந்தபோது நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். நல்ல வெயில் ஏறுகிற நேரமாகப் பார்த்துக் குடைந்தான். பிட்டை ஒரே அழுத்தாக அழுத்தவில்லை. கொஞ்சம் இறக்குவான், தூக்கிச் சீவலை ஊதித் தள்ளுவான், தொட்டுப் பார்ப்பான், மறுபடி இறக்குவான். அவசரப்பட்டால் மரம் உள்ளே சூடாகி அப்போதே விரிசல் ஓடிவிடுமாம். குடைந்த கட்டையை அன்றைக்கே ஒட்டாமல் எங்கள் பீரோ மேல் கொஞ்ச நாள் கிடக்கவிட்டு, பிறகு அதே பிட்டை இன்னொரு தரம் ஓட்டி, அதற்குப் பிறகுதான் குழாயைச் செருகினான். கட்டையைக் கவிழ்த்தால் குழாய் விழுந்தது. முன்பெல்லாம் அப்படி விழுந்தால் அந்தக் கட்டையைத் தூக்கி அடுப்புக்குப் போட்டிருப்பான். இப்போது விழுந்த குழாயைக் கையில் பிடித்து, பசை பூசி, நிதானமாக உள்ளே விட்டுச் சுற்றினான்.

"இப்படித் தொளதொளன்னு விடுததுக்கு எனக்கு மனசே வரலக்கா" என்றான். "ஆனா அவ இருக்கிற எடத்துக்கு இதான் சரி."

சாத்தூர்ப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி லீவு முடிந்து போகும்போது அவளிடம் கொடுத்தனுப்பினான். அது போய்ச் சேர்ந்தது. வைகாசி போயிற்று. ஒவ்வொரு நாளும் பேனா எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஒவ்வொரு நாளும் நன்றாக இருக்கிறது என்றாள். இந்தமுறை அது பொய்யில்லை. அதனால் அவன் முகத்தில் என்ன வந்துவிட்டது? ஒன்றும் வரவில்லை. ஆறு கிலோவாவது இளைத்திருந்தான். கடையில் வந்து எதையும் வாங்காமல் நிற்பான். பிட்டு ஏழு சரியாகத்தான் குடைகிறதா என்று நானே வம்புக்கு இழுத்தாலும் சிரிப்பான், அவ்வளவுதான்.

ஆனி பிறந்து சில நாள் கழித்து அவன் கடையில் நிற்கும்போது அழைப்பு வந்தது. குழாய்க்கு வாஷர் கேட்டு ஒரு பெரியவர் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தார். ரூபஸ் ஃபோனை நிமிர்த்திப் பிடித்தான். ஜெபிஷா வார்டுக்கு வெளியே எங்கேயோ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பேனா கையிலேயே இருந்தது. கட்டு இல்லை.

"பேனா எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தான். மயிரிழைகூட விடல." பேனாவை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "காலையில கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருசத்துக்கு. இதுலதான் போட்டேன்."

"போட்டாச்சா?"

"கையெழுத்துக்குச் சொன்ன கடைசி நாள் வரைக்கும் வச்சிருந்தேன். நீங்க ஒண்ணும் சொல்லலியே. அதான் போட்டுட்டேன்."

"இனி மாத்த முடியாதுல்லா?"

"முடியாது."

"நெசமா முடியாதுல்லா?"

"முடியாது அத்தான். ஏன் கேக்குதீங்க?"

அவன் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியில் பெட்டி மேலிருந்த ஆணி டப்பா நகர்ந்தது. அதுவரைக்கும் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"அப்பச் சரி. இனிச் சொல்லலாம். வந்துரு ஜெபிஷா. என்னால முடியல. வந்துரு."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "இத முந்தா நேத்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா வந்துருப்பேல்லா. அதான். இப்பச் சொல்லுதேன். தெனமும் சொல்லுவேன். வந்துரு."

"சொல்லுங்க" என்றாள் அவள். "நிறுத்தாம சொல்லுங்க."

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துவந்து என் பக்கத்தில் நின்றார். வாஷர் வாங்க வந்த பெரியவர் என்ன ஏது என்று கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வெயிலில் போய் நின்றார்.